குலுக்கலில் இல்லாத பெயர்

திருநெல்வேலிப் பக்கம் வயல் வாங்கப் போனால் விலைக்கு முன்னாடி ஒரு கேள்வி வரும்: "தலைமடையா, கடைமடையா?"

தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசி ஒன்று மட்டுமே ஆங்கிலேயர் கட்டியது. எந்தக் கால்வாயானாலும் தலைமடைக்காரர் முதலில் குடிப்பார். அவர் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தால் கடைமடையில் பிசான நெல் கருகும்.

இதற்கு ஆற்றோர ஊர்கள் சிலவற்றில் ஒரு வழி இருந்தது. கரையீடு. நன்செய் முழுக்க ஊருக்குப் பொது. ஒவ்வொருவருக்கும் இருந்தது வயல் அல்ல, பங்கு. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த வயல் என்று முடிவு செய்வார்கள். இன்று மடையோரம் உழுபவர் அடுத்த குலுக்கலில் வாய்க்காலின் வாலுக்குப் போகலாம். அப்புறம் கடைமடையை அவர் எப்படிக் காயவிடுவார்? அதிரசத்தைப் பிட்டவன் கடைசியாத்தான் எடுக்கணும்னு அம்மா வைக்கிற சட்டம் மாதிரிதான். யாரையும் நல்லவராக இருக்கச் சொல்லவில்லை. தன்னலத்தையே கடைமடைக்குக் காவல் வைத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் சீட்டில் யார் பெயர் இருந்தது? மிராசுதார்கள், பெரும்பாலும் பிராமணர், வேளாளர். உழுது நட்டு அறுத்த பள்ளர்கள் (இன்றைய தேவேந்திரகுல வேளாளர்) அந்தக் குலுக்கலில் இல்லை. இத்தனைக்கும் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியது அவர்களில் ஒருவரான குடும்பன். கூலி, களத்தில் அளக்கிற நெல். அவர் கையை எல்லோரும் நம்பியதற்கு அவர் நிலமற்றவர் என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். திருட்டுத்தனமாகத் தண்ணீர் திருப்ப அவருக்கு வயல் ஏது? பங்காளிகளுக்குள் இருந்த நியாயம், பங்கே இல்லாத ஒருவர் தோளில் நின்றது. சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிற சீவலப்பேரிப் பக்கத்துக் கதைதான் முக்கூடற்பள்ளு. அதில் பண்ணைக்காரன் கோபப்பட்டால் தொழுவில் மாட்டப்படுவது பள்ளன்தான். பண்ணைக்காரனை மாட்ட அந்த ஊரில் ஆள் இல்லை.

1801இல் சீமை கம்பெனி கைக்குப் போனது. வரி வாங்குபவனுக்கு இந்த வயல் இன்னாருடையது என்று தெரியணும். இடம் மாறிக்கொண்டே இருக்கிற பங்கு பேரேட்டில் எப்படி நிற்கும்? அந்த நூற்றாண்டுக்குள் கரையீடு தேய்ந்து, பங்குகள் தனித்தனிப் பட்டாக்களாயின. தலைமடை ஒருவருக்கே நிரந்தரம், கடைமடை இன்னொருவருக்கு. சீட்டில் பெயர் இருந்தவர்களுக்குப் பட்டா வந்தது. மண்வெட்டியோடு மடையில் நின்றவர் பெயர் பெரும்பாலும் அதிலும் இல்லை.