புதுச்சேரியில் காணப்பெற்ற இரட்டை விண்மீனும் வானத் தொகுதிகளை இனங்காணும் முறையும்

முன்னுரை

வானியல் வரலாற்றில் புதுச்சேரி பெரும்பாலும் லெ ஜாந்தியின் ஏமாற்றத்தோடு இணைத்தே பேசப்படுகிறது. 1769ஆம் ஆண்டு ஜூன் மாதம், வெள்ளி கதிரவனைக் கடக்கும் நிகழ்வைக் காண அவர் அங்குக் காத்திருந்தார், மேகம் மறைத்துவிட்டது. ஆயின், அதற்கு எண்பது ஆண்டுகள் முன்னரே அந்நகரில் பதிவான ஒரு காட்சி, வானில் அருகருகே தோன்றுவன உண்மையில் உறவுடையனவா என்னும் வினாவோடு தொடர்புடையது. அப்பதிவை மதிப்பிடும் முறையினை இக்கட்டுரை ஆராய்கிறது.

ரிஷோவின் பதிவு

சியாமில் 1688இல் நேர்ந்த அரசியல் குழப்பத்திற்குப் பின் புதுச்சேரிக்கு வந்தவர் சேசு சபைத் துறவி ழான் ரிஷோ. 1689 டிசம்பரில் வால்மீன் ஒன்றைத் தொலைநோக்கியால் நோக்குகையில், ஆல்பா சென்டாரி ஒரு விண்மீன் அன்று, இரண்டு என்பதைக் கண்டார். இவ்விரண்டும் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருவன என்பது பின்னாளைய அறிவு. ரிஷோ கண்டது அண்மையை, உறவை அன்று.

தற்செயலும் பிணைப்பும்

விண்மீன்கள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பின் இத்துணை நெருக்கமான இணைகள் தற்செயலாக அமைதல் அரிது என 1767இல் ஜான் மிட்செல் நிகழ்தகவின் வழி வாதிட்டார். சில இணைகள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பதை வில்லியம் ஹெர்ஷல் 1803இல் நெடுங்கால அளவீடுகளால் காட்டினார். எண்ணிக்கை ஐயத்தை எழுப்பிற்று. இயக்கம் அதனைத் தீர்த்தது.

விண்மீன் திரள்களின் ஆய்விலும் இதே வரிசை காணப்படுகிறது. மார்செய் நகரில் 1877இல் எட்வார் ஸ்தெபான் ஐந்து திரள்கள் நெருங்கியிருக்கக் கண்டார். 1961இல் செம்பெயர்ச்சியை அளந்தபோது, அவற்றுள் ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 800 கி.மீ. வேகத்திலேயே விலகுவது தெரிந்தது. ஏனையவை 6000 கி.மீ. அளவில் விலகுகின்றன. அவ்வொன்று நமக்கு மிக அருகில், தற்செயலாக அதே திசையில் இருப்பது.

இத்தகைய மயக்கத்தைக் குறைக்க, பால் ஹிக்சன் 1982இல் பலோமார் வான்படங்களில் 100 நெருக்கத் தொகுதிகளைத் திட்டமான விதிகளால் தெரிந்தெடுத்தார். ஒளியளவில் மூன்று படிகளுக்குள் குறைந்தது நான்கு திரள்கள் இருத்தல் வேண்டும். அவை நெருங்கி அமைதல் வேண்டும். தொகுதியைச் சுற்றி அதன் குறுக்களவைப் போல மும்மடங்கு வட்டத்தினுள் அவற்றையொத்த வேறு திரள் இருத்தலாகாது. சூழலில் வெறுமை வேண்டும் என்னும் இவ்விதி, பெரிய திரள்கொத்துகளின் நெரிசலான நடுப்பகுதிகளை விலக்குகிறது. 1992இல் வேகங்கள் அளக்கப்பட்டபோது, 92 தொகுதிகளில் குறைந்தது மூன்று உறுப்புகள் ஒத்த வேகம் கொண்டிருந்தன.

முடிவுரை

வான்படம் தருவது கருதுகோள்; வேகம் தருவது சான்று. ஆகவே ரிஷோ ‘பிணைந்த இரட்டை விண்மீனைக் கண்டுபிடித்தார்’ என எழுதுவது பின்னாளைய அறிவை முன்னாளில் ஏற்றிக் கூறுவதாகும். இருமையைப் பிரித்தறிந்து பதிந்தமையே அவர் செய்த பணி. மிட்செலின் கணக்கிற்கும் ஹெர்ஷலின் அளவீட்டிற்கும் அத்தகைய பதிவுகளே மூலப்பொருளாயின. அவ்வளவில் நிறுத்தி மதிப்பிடினும் புதுச்சேரியின் பங்கு குறைவதில்லை. அதன் இடம் துல்லியமாகிறது.