கேட்டவளும் கேட்டவரும்

கல்முனையிலிருந்து தெற்கே காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், வினாயகபுரம் என்று இறங்கிக்கொண்டே போனால் ஊருக்கு ஊர் வணங்கும் இடம் மாறும். ஒரு சொல் மட்டும் கூடவே வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால் தாய் நேர்த்தி வைப்பாள். திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமிக்கு வைப்பவர் உண்டு. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு வைப்பவர் உண்டு. ஆயித்தியமலை சதா சகாய மாதாவிடம் நடந்தே வருவதாக வைப்பவரும் உண்டு. தமிழ்நாட்டில் வேண்டுதல் என்பார்கள். நமக்கு அது நேர்த்தி, பேச்சில் நேத்தி. கண்நோய் தீர்ந்ததும் வெள்ளியில் கண்மடல் செய்து கொண்டுபோய் வைத்தால் நேர்த்திக்கடன் தீர்ந்தது.

அந்தக் 'கடன்'தான் என்னை நெடுநாள் உறுத்தியது. கடவுள் கேட்டதைக் கொடுத்தார், நான் சொன்னதைக் கொடுத்தேன், கணக்கு முடிந்தது என்றா பொருள்?

சொல்லின் வயதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. குறுந்தொகை 218ஆம் பாட்டில் தலைவி சூலி என்னும் தெய்வத்துக்கு நேர்ந்துகொள்வதை மறுத்துப் பேசுகிறாள். அங்கே நேர்ச்சைக்குப் பெயரே கடன். புறநானூறு 312இல் ஒரு தாய், வீட்டிலும் ஊரிலும் யார் யாருக்கு எது கடன் என்று பங்கிடுகிறாள். அது வட்டிக்கு வாங்கியதல்ல. உறவினால் வந்த கடமை. பழந்தமிழில் அதுவே முதற்பொருள். 'நேர்' என்ற வேரோ இன்னும் இளகியது: எதிர்ப்படுதல், உடன்படுதல், பொருந்துதல், கொடுத்தல் எல்லாம் அதற்குள் அடங்கும். எதிரெதிரே நின்று ஒருவருக்கொருவர் உடன்படுவதுதான் நேர்தல்.

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். அவர் வழிவந்த சபைகளில் 'நேர்த்தி' சற்றுக் கூச்சத்தோடுதான் ஒலிக்கும். அவர்கள் கையிலிருக்கும் வேதாகமத்தில் அதற்குப் பொருத்தனை என்று பெயர். நேர் என்பதற்கே பொருந்து என்ற பொருள் உண்டென்றால், மொழிபெயர்த்தவர்கள் வெகுதூரம் போய்விடவில்லை.

அந்தப் பொருத்தனைக்கு எபிரேயத்தில் நேதெர். முஸ்லிம்கள் நேர்ச்சை என்று தமிழாக்கும் அரபுச் சொல் நத்ர். இரண்டும் ஒரு வேரில் பிறந்தவை. கல்முனைப் பள்ளிவாசலில் சொல்லப்படுவதும் வேதாகமத்தில் பிள்ளையில்லாத அன்னாள் சீலோ ஆலயத்தில் அழுதுகொண்டு சொன்னதும் உடன்பிறந்த சொற்கள் என்று அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

கடன் பற்றிய கேள்விக்குக் கிறிஸ்தவர் தேடும் விடையும் அன்னாள் கதையில்தான் இருக்கிறது. ஆண்பிள்ளை தந்தால் உமக்கே தருவேன் என்று அவள் பொருத்தனை செய்கிறாள். சாமுவேல் பிறக்கிறான், பால் மறந்ததும் ஆலயத்தில் கொண்டுபோய் விடுகிறாள். அந்த இடத்தில் எபிரேய மூலம் 'ஷாஅல்' என்ற ஒரே வேரை இரண்டு விதமாக வளைக்கிறது. கேட்டுப் பெற்றதற்கும் அதே வேர், பெற்றதை ஆண்டவருக்கென்று ஒப்படைப்பதற்கும் அதே வேர். கேட்கும்போதே கொடுப்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. தனக்கென்று வைத்துக்கொள்ள அவள் பிள்ளை கேட்கவில்லை. அந்தப் பிள்ளைதான் பின்னால் ஒரு தேசத்துக்கே தீர்க்கதரிசியானான்.

தமிழ் தன் வழியில் இன்னொன்றைச் செய்கிறது. 'கேள்' என்றால் வேண்டு. 'கேள்' என்றால் செவிகொடு. அன்னாள் கேட்டாள், ஆண்டவர் கேட்டார். 'ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது' என்று இப்போது சொல்லப் பழகிவிட்டோம். பாட்டிமார் ஜெபம் கேட்கப்பட்டது என்பார்கள். பதில் என்றால் கையில் ஏதாவது வந்திருக்க வேண்டும். கேட்கப்பட்டது என்றால் மறுபக்கம் ஒருவர் இருந்தார் என்பதே செய்தி. எனக்கு இந்தப் பழைய சொல்தான் வேண்டும்.

ஏன் வேண்டும் என்பதை இந்தக் கரையில் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், நத்தாருக்கு மறுநாள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைச் சுனாமியாக வந்த கடல் கொண்டுபோனது. பிழைத்தவன் 'என் ஜெபத்துக்குப் பதில் வந்தது' என்றால், பிள்ளையைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுத் தாயின் ஜெபம் எங்கே போனது? அவளும் கேட்டவள்தானே.

எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை அதன்பிறகு வேறு கண்ணோடு படிக்கிறேன். மரணத்திலிருந்து காப்பாற்ற வல்லவரை நோக்கி இயேசு கண்ணீரோடு வேண்டினார். அவர் கேட்கப்பட்டார் என்றே அது சொல்கிறது. ஆனால் சிலுவை விலகவில்லை. அங்கே 'பதில்' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள், வாக்கியம் உடைந்துவிடும். 'கேட்கப்பட்டார்' மட்டுமே அந்தப் பாரத்தைத் தாங்குகிறது.

அன்னாளின் கடன் தீர்ந்த பிறகும் கதை நிற்கவில்லை. ஆண்டுதோறும் பலி செலுத்தக் கணவனோடு போகும்போது, வளர்ந்துவரும் மகனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துப் போனாள். அதை அவள் நேர்ந்திருக்கவில்லை.