பழைய ஏடுகள் காத்த பிரெஞ்சுக் கதைகள்

நாளேடு ஒரு நாள் வாழ்வது. நூல் தலைமுறைகளைக் காண்பது. 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரெஞ்சுச் சிறுகதைகளுட் பல இதழ்களிலேயே பிறந்தன. அல்போன்ஸ் தோதேயின் ‘கடைசி வகுப்பு’ 1872இல் நாளேட்டில் வெளிவந்து, மறு ஆண்டு ‘திங்கட்கிழமைக் கதைகள்’ என்னும் தொகுப்பில் இடம்பெற்றது.

கி த மாப்பசான் 1880 முதல் ஏறத்தாழ 10 ஆண்டுகளில் 300 கதைகள் வரை எழுதினார். அவற்றுள் பெரும்பாலானவை ‘லெ கோலுவா’, ‘ழில் பிளா’ என்னும் பாரிஸ் நாளேடுகளில் வெளிவந்தவை. உலகறிந்த ‘அட்டிகை’ 1884 பிப்ரவரி 17ஆம் நாள் ‘லெ கோலுவா’வில் வெளியாகி, அடுத்த ஆண்டு நூலேறியது. 1893இல், 42ஆம் வயதில் அவர் மறைந்தபோது, நூல்வடிவம் பெறாத கதைகள் பல பழைய ஏடுகளில் முடங்கிக் கிடந்தன. அவ்வேடுகள் பேணப்பட்டிருந்தமையால் 1899இலும் 1900இலும் புதிய தொகுப்புகள் உருவாயின.

பின்னர் வேறோர் இடர் நேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளிவந்த ஆங்கிலத் தொகுதிகளில், மாப்பசான் எழுதாத கதைகள் 60க்கு மேல் அவர் பெயரிலேயே புகுந்துவிட்டன. பிரெஞ்சு அறியாத வாசகர் அவற்றையும் அவருடையனவாகவே கொண்டனர். 1949இல் பிரான்சிஸ் ஸ்டீக்முல்லர் அப்போலிகளைப் பட்டியலிட்டுக் காட்டினார். 1974, 1979 ஆண்டுகளில் லூயி ஃபொரெஸ்தியே பதிப்பித்த இரு தொகுதிகள் உண்மைக் கதைகளைக் கால வரிசையில் நிறுத்தின.

முதற்பதிப்புகளும் பழைய இதழ்களும் அழிந்திருப்பின், மெய்யையும் போலியையும் பிரித்தறிதல் அரிதாகியிருக்கும். பழுப்பேறிய தாள் என்று ஒதுக்கப்படுவதே ஓர் எழுத்தாளரின் பெயரைக் காக்கும் சான்றாகவும் நிற்கக்கூடும்.