மாலை வெள்ளியும் மேற்குத் திசையும்



நைட் டியூட்டிக்குப் போகும்போது, சூரியன் மறைந்த பக்கத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளியைப் பார்ப்பேன். சில மாதங்கள் கழித்து, டியூட்டி முடிந்து வீடு திரும்பும் விடியற்காலையில், அதே வெள்ளி கிழக்கே நிற்கும்.

பழைய ரோமர்கள் அதற்கு இரண்டு பெயர் வைத்திருந்தார்கள். மாலையில் வந்தால் ‘வெஸ்பர்’. விடியலில் வந்தால் ‘லூசிபர்’, அதாவது ஒளியைக் கொண்டுவருவது. இரண்டும் ஒன்றே என்று கண்டறிந்தவர் பித்தாகரஸ் என முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதினார்.

லத்தீனில் ‘வெஸ்பர்’ என்றால் மாலை வெள்ளி, மாலை நேரம், மேற்குத் திசை என்று மூன்றும்தான். பிறகு சபையின் மாலை ஜெபத்துக்கும் அந்தப் பெயரே வந்தது. மேற்குக்கு இன்னொரு சொல் ‘ஒக்கிடென்ஸ்’. ‘விழுகிறது, மறைகிறது’ என்பது பொருள். சாவதையும் அதே வினைச்சொல்லால் சொன்னார்கள். ஆகவே மேற்கு என்றாலே முடிவு என்று தோன்றும்.

ஆனால் கவிஞர் வெர்ஜில் (கி.மு. 70–19) வேறொன்றையும் காட்டினார். அவருடைய ‘ஏனீட்’ காவியத்தில் டிராய் நகரம் எரிகிறது. தப்பி ஓடும் ஏனியஸுக்கு, இறந்துபோன மனைவி தோன்றி, டைபர் நதி பாயும் ‘ஹெஸ்பீரியா’ தேசத்துக்கு நீ போய்ச் சேருவாய் என்கிறாள். மாலை வெள்ளியின் கிரேக்கப் பெயரான ஹெஸ்பெரஸிலிருந்து வந்த சொல் அது. மேற்கு தேசம், அதாவது இத்தாலி. வீட்டை இழந்தவனுக்குச் சூரியன் மறையும் திசையில்தான் புது வீடு காத்திருந்தது.

“லூசிபர் சாத்தானின் பெயர் அல்லவா அக்கா?” என்று கேட்பீர்கள். ஏசாயா 14:12 பாபிலோன் ராஜாவை விடிவெள்ளி என்று அழைக்கிறது. லத்தீன் வேதாகமத்தில் அங்கே ‘லூசிபர்’ என்று வந்தது. அந்த வசனத்தைச் சாத்தானின் வீழ்ச்சியாகப் பலர் விளக்கியதால் பெயரும் அவனோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் நம் இருதயங்களில் உதிக்கும் விடிவெள்ளியைச் சொல்லும் 2 பேதுரு 1:19-லும் லத்தீனில் அதே சொல்தான்! யோபு 38:32-ல் லூசிபரும் வெஸ்பரும் அருகருகே வருகின்றன.

ஒரு சொல்லைக் கேட்டதும் பயப்படாமல், அது எங்கே, யாரைக் குறித்து வருகிறது என்று பாருங்கள்.

வார்டில் இரவெல்லாம் வலியோடு கிடப்பவர்கள், “சிஸ்டர், எப்போது விடியும்?” என்று கேட்பார்கள். மேற்கே இறங்கிப் போகிற வெள்ளிதான் ஒருநாள் கிழக்கே விடியலை அறிவிக்கிறது. அடுத்த முறை அதைப் பார்க்கும்போது யோபு 38-ஐ வாசியுங்கள்.