இருட்டில் மின்னிய கற்கண்டு

பேரன் கோடை விடுமுறைக்கு வந்தான். மறுநாளே கோலா பாட்டிலில் மென்டோஸ் மிட்டாயைப் போட்டு, மொட்டை மாடி முழுக்க நுரை. வீட்டுக்காரி திட்டித் தீர்த்தாள். மிட்டாயின் சொரசொரப்பான மேற்பரப்பில் கரியமில வாயு குமிழ் கட்டிச் சீறி எழுகிறது, அவ்வளவுதான் சங்கதி. 2006-இல் அமெரிக்காவில் இரண்டு பேர் இதைப் படமெடுத்து இணையத்தில் விட, உலகமெங்கும் பரவிவிட்டது.

"தாத்தா, உங்க காலத்துல இதெல்லாம் கிடையாதுல்ல?" என்றான்.

இருந்ததடா. அதுவும் நானூறு வருஷப் பழசு.

1971. நான் ஒன்பதாவது படித்தேன். எங்கள் அறிவியல் சார் ஓர் அமாவாசை இரவில் ஏழெட்டுப் பையன்களை ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கரைக்கு வரச் சொன்னார். கையில் நாட்டு மருந்துக் கடைக் கற்கண்டு ஒரு பொட்டலம், ஒரு குறடு. கண் இருட்டுக்குப் பழக வேண்டுமென்று பத்து நிமிஷம் டார்ச், தீப்பெட்டி எதையும் தொட விடவில்லை. பிறகு ஒரு கட்டியைக் குறடால் நசுக்கினார். நீலமாய் ஒரு மினுக்கு. ஒரு நொடிகூட இல்லை. "இன்னொரு தடவை சார்!" என்று பொட்டலம் தீரும்வரை கத்தினோம். தூளை நக்கிக்கொண்டே வீடு திரும்பினோம்.

பிரான்சிஸ் பேகன் 1620-இல் வெளியிட்ட 'நோவம் ஆர்கனம்' நூலிலேயே, கெட்டிச் சர்க்கரையை இருட்டில் உடைத்தால் பளிச்சிடும் என்று எழுதியிருக்கிறார். கற்கண்டு படிகம் பிளக்கும்போது ஒரு பக்கம் நேர் மின்னூட்டமும் மறுபக்கம் எதிர் மின்னூட்டமும் பிரிந்து நிற்கின்றன. இடைவெளியில் மின்சாரம் பாய, காற்றிலுள்ள நைட்ரஜன் ஒளிர்கிறது. வானத்து மின்னலின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. அமெரிக்காவில் விண்டர்கிரீன் வாசனை போட்ட மிட்டாய் ஒன்று உண்டு. அந்த வாசனைப் பொருள் புற ஊதாவை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பித் தருவதால், கடித்தால் வாயே மின்னுமாம். நம் மூட்டுவலித் தைலத்தில் வருவதும் அதே வாசனைதான். அதற்காகத் தைலத்தைக் கற்கண்டில் தடவி வாயில் போட்டுவிடாதீர்கள், விஷம்.

ஆங்கிலத்தில் 'கேண்டி' என்கிறார்களே, அந்தச் சொல்லும் 'கண்ட' என்று நம் நாட்டிலிருந்து கிளம்பி பாரசீகம், அரபு வழியாகப் போனதுதான்.

அன்று இரவு பேரனோடு மாடிக்குப் போனேன். நசுக்கினேன். ஒன்றுமில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வந்தது, 2010-இல் ஒரகடத்தில் நிசான். நடுவில் எத்தனையோ ஆலைகள். என் மகனுக்கும் அதில்தான் சோறு, குறை சொல்ல வாயில்லை. ஆனால் நடுராத்திரியில் எங்கள் மாடியில் பேப்பர் படிக்கலாம். ஏரிக்கரைக்குப் போனால் அங்கும் நெடுஞ்சாலை விளக்குகள்.

"கதை விடறீங்க தாத்தா."

சுருக்கென்றது. மறுநாள் ராத்திரி பூஜையறை ஜன்னலைப் போர்வையால் மூடி, கதவிடுக்கில் துண்டைச் செருகி, இருவரும் உட்கார்ந்தோம். புழுக்கம் தாங்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து நசுக்கினேன்.

புரை விழுந்த என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை தாத்தா!" என்றான்.