லிங்கநகர் முனைக் கம்பமும் மூன்று புயல்களும்



வாடைக்காற்றுக் காலம் நெருங்குகிறது. லிங்கநகரில் ஓர் ஒழுங்கை முனையில் நிற்கிற மின்கம்பத்தின் ஸ்டே கம்பியை மதில் கட்டுவதற்காக யாரோ கழற்றிவிட்டார்கள். "கம்பம் நிக்குதுதானே சேர், கரண்டும் வருகுதுதானே" என்று எங்கள் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1964 டிசம்பர் 22இல் வந்த புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, வடபகுதியைக் கடந்து போய், அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பு அடிபட்டது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி குச்சவெளி, திரியாய்ப் பக்கமாக ஏறியது. முந்திய இரண்டோடும் பார்த்தால் புரெவி சின்னப்பிள்ளை. அதனால்தான் பயம் விட்டுப்போனதோ தெரியாது.

கம்பம் பாரம் தாங்காமல் விழுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். வயரின் நிறை கம்பத்துக்குப் பெரிய விஷயமே இல்லை. விழுத்துவது பக்கவாட்டுத் தள்ளல். இதைப் பொறியியலாளர்களும் அடிபட்டுத்தான் படித்தார்கள். 1879 டிசம்பர் 28இல் ஸ்கொட்லாந்தின் டே பாலம் புயலில் ரயிலோடு விழுந்தது. அதைக் கட்டிய தோமஸ் பௌச் காற்றுக்கென்று தனியாகக் கணக்கு வைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் காற்றுக் கணக்கு கட்டாயமானது.

கணக்கு இதுதான். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 48 கிலோ அளவுக்குத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்கு. விரல் தடிப்பான, 1 சென்ரிமீற்றர் வயர் 40 மீற்றர் நீளத்துக்கு ஓடினால் காற்றுக்கு 0.4 சதுர மீற்றர் முகம் காட்டுகிறது. 100 கிலோமீற்றரில் அது 19 கிலோ, 200இல் 77 கிலோ. ஒரு வயர்தானே என்று கேபிள் ரீவிக்கும் இன்டர்நெட்டுக்கும் கட்டிக்கொண்டு போகிறோமே, ஒவ்வொன்றுக்கும் இந்தக் கணக்கு உண்டு. அத்தனையும் கம்பத்தின் மேற்பாதியில் பிடித்து இழுக்க, அடியில் அது கடப்பாரை போட்டு நெம்புவது மாதிரி. கம்ப நீளத்தில் ஆறில் ஒரு பங்குதான் பொதுவாக மண்ணுக்குள் இருக்கும். மழையில் ஊறிய மண்ணுக்குப் பிடிமானமும் குறைவு. புயலின் நடுப்பகுதி கடந்ததும் காற்று எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும். ஒரு பக்கம் ஆட்டி இளக்கிய கம்பத்தை மறுபக்கம் தள்ளும்.

இப்போது முனைக் கம்பத்துக்கு வருவோம். நேர் வரிசைக் கம்பத்தில் இரண்டு பக்க வயரும் சமமாக இழுப்பதால் ஒன்றை ஒன்று ஈடுசெய்யும். லைன் செங்கோணமாகத் திரும்பும் இடத்தில் அந்த ஈடு இல்லை. ஒரு பக்க இழுவையைப்போல் 1.4 மடங்கு இழுவை, காற்றே இல்லாத நாளிலும், இரவு பகலாக உள்மூலைப் பக்கம் இழுத்தபடி இருக்கும். அதைத் தாங்கி நின்றதுதான் நாங்கள் கழற்றிய அந்த ஸ்டே கம்பி.

நேற்று மாணவர்களோடு போய் நூலும் ஈயக் குண்டும் பிடித்துப் பார்த்தோம். கம்பத்தைத் தொடவில்லை. ஒரு சாண் சாய்ந்திருக்கிறது. மின்சார சபைக்கு எழுதிய கடிதத்தில் அயலவர்கள் கையொப்பம் வைத்துவிட்டார்கள். மதில்காரரும் ஸ்டேக்கு இடம்விடச் சம்மதித்திருக்கிறார். 1964ஐக் கண்ட பெரியவர்கள் இருந்தால், அன்று எந்தப் பக்கக் காற்றில் எது விழுந்தது என்று சொல்லுங்கள், நாங்கள் வந்து எழுதிக்கொள்கிறோம்.