137-ம் எண் மேஜை

1928-ல் வெளிவந்த ‘தி கிரவுட்’ என்ற அமெரிக்க மௌனப்படத்தில் ஒரு காட்சி. நியூயார்க்கின் உயரமான கட்டடம் ஒன்றின் சுவரோடு ஒட்டியபடி கேமரா மேலே ஏறுகிறது. மாடிக்கு மேல் மாடி, ஜன்னலுக்கு மேல் ஜன்னல், எல்லாம் ஒரே அச்சு. ஏறிக்கொண்டே போய் ஒரு ஜன்னலை நெருங்கி உள்ளே நுழைகிறது. உள்ளே பிரம்மாண்டமான ஒரு கூடம். வரிசை வரிசையாக மேஜைகள். மேஜைக்கு ஒரு குமாஸ்தா, குமாஸ்தாவுக்கு ஒரு பேரேடு. கேமரா அவர்கள் தலைக்கு மேல் மெல்ல நகர்ந்து, இறங்கி, ஒருவனிடம் வந்து நிற்கிறது. மேஜையில் பெயரும் எண்ணும்: ஜான் சிம்ஸ், 137.

அவன் வேலை செய்துகொண்டிருக்கவில்லை. ஏதோ ஒரு விளம்பர வாசகப் போட்டிக்குக் கிறுக்கிக்கொண்டும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறான். ஐந்து மணி அடித்ததும் மொத்தக் கூடமும் ஒரே ஆளைப் போல எழுந்திருக்கிறது.

இந்த ஒரு காட்சிக்காகவே சினிமா வரலாற்றுப் புத்தகங்களில் இந்தப் படத்துக்கு இடம் உண்டு. கம்ப்யூட்டர் இல்லாத காலம். கட்டடத்தின் மாதிரி ஒன்றைச் செய்து தரையில் படுக்க வைத்து, அதன் மேல் கேமராவை நகர்த்தினார்கள். ஜன்னலை நெருங்கும்போது அந்தப் படம் கரைந்து நிஜ செட்டின் படமாக மாறும். சுவரில் ஏறுவதாக நாம் நினைக்கும் கேமரா உண்மையில் தரைக்கு இணையாகத்தான் போகிறது. தொழில்நுட்பத்தை விட முக்கியமானது அந்தப் பயணம் முடியும் இடம். இவ்வளவு ஏறி, இவ்வளவு தேடி, கேமரா கண்டுபிடித்தது ஒரு சுமாரான ஆளை. பக்கத்து மேஜையில் நின்றிருந்தாலும் படம் இதேதான். 136-க்கும் ஒரு கதை இருந்திருக்கும், 138-க்கும் இருந்திருக்கும்.

*

இப்படி ஒரு படத்தை எடுக்க ஹாலிவுட் எப்படி ஒத்துக்கொண்டது?

இயக்குநர் கிங் விடோர் 1925-ல் ‘தி பிக் பரேட்’ என்ற படத்தை எடுத்திருந்தார். முதல் உலகப் போருக்குப் போகும் ஒரு சிப்பாயின் கதை. எம்ஜிஎம் கம்பெனிக்கு அது கொட்டிக் கொடுத்தது. அடுத்து என்ன என்று தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க் கேட்டபோது விடோரிடம் பெரிதாக யோசனை எதுவும் இல்லை. போர்க்களத்தின் வழியாக ஒருவன் நடந்து போனதைக் காட்டினோம், வாழ்க்கையின் வழியாக ஒருவன் நடந்து போவதைக் காட்டினால் என்ன, அதுவும் ஒரு போர்தானே என்று அந்த நிமிடத்தில் தோன்றியதைச் சொல்லியிருக்கிறார். தால்பெர்க் சரி என்றார். முந்தைய படத்தின் லாபம் கையில் இருந்தது, ஒரு சோதனை முயற்சி தாங்கும்.

காலமும் அப்படி. 1920 கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக அமெரிக்க மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நகர்ப்புறங்களில் வாழ்வதாகத் தெரியவந்தது. அப்போது 56 லட்சமாக இருந்த நியூயார்க்கின் மக்கள்தொகை பத்தே வருடத்தில் 69 லட்சம் ஆனது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் வங்கிகளும் வானத்தை நோக்கிக் கட்டடம் எழுப்பின. அவற்றை நிரப்ப ஆள் வேண்டும். கையில் அழுக்குப் படாத, கழுத்தில் டை கட்டிய, மாதா மாதம் வாடகைக்கு யோசிக்கும் ஒரு புதிய கூட்டம் உருவானது. தொழிலாளி என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது. முதலாளியும் இல்லை. இன்றைக்கு முதலாளி ஆகவில்லை, நாளைக்கு ஆகிவிடுவோம் என்பதுதான் அவர்களுடைய மதம். பங்குச் சந்தை ஏறிக்கொண்டே இருந்த வருடங்கள் அவை. சந்தை சரிந்தது 1929 அக்டோபரில். ‘தி கிரவுட்’ 1928 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. அதாவது, தோல்வி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்காத காலத்தில் ஒரு தோல்வியைப் பற்றி எடுத்த படம்.

நகரத்தைப் பொய்யாகக் காட்டக்கூடாது என்று விடோர் நினைத்தார். நியூயார்க் தெருக்களில் கேமராவை மறைத்து வைத்து எடுத்தார்கள். அந்தக் காட்சிகளில் நடந்து போகிறவர்கள் நடிக்கவில்லை, வேலைக்குத்தான் போகிறார்கள். 1927-ன் ஜனக்கூட்டம் தனக்கே தெரியாமல் படத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

*

ஜான் சிம்ஸ் பிறப்பது 1900 ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திர தினம், புது நூற்றாண்டின் வாசல். இந்தப் பையன் பேரை உலகமே சொல்லப்போகுது என்று அப்பா டாக்டரிடம் பெருமையடிக்கிறார். எந்த அப்பா அடிக்கவில்லை? பன்னிரண்டு வயதில், தெருப் பையன்கள் வேலியில் உட்கார்ந்து பெரியவனானதும் என்னவாகப் போகிறோம் என்று பேசிக்கொள்கிறார்கள். நான் பெரிய ஆளா வருவேன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு என்கிறான் ஜான். என்ன பெரிய ஆள் என்று அவனுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அப்போது அவன் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. நீளமான மாடிப்படியில் பையன் ஏறி வருகிறான். கீழே வாசலில் ஊர் ஜனம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்பா போய்விட்டார். அவர் விட்டுப்போன சொத்து அந்த ஒரு வாக்கியம்தான்.

இருபத்தொன்றாம் வயதில் நியூயார்க் வருகிறான். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. நண்பன் பெர்ட் அழைக்க, இரண்டு பெண்களோடு கோனி ஐலண்ட் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறார்கள். அதில் ஒருத்தி மேரி. போகும் வழியில் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து ஜான் ஒரு கோமாளியைப் பார்க்கிறான். முன்னும் பின்னும் விளம்பரப் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடித்தபடி தெருவில் நிற்கிறான் அந்த ஆள். பாவம், இவன் ஜனாதிபதி ஆவான்னு இவங்கப்பன் நினைச்சிருப்பான் என்று சொல்லி ஜான் சிரிக்கிறான். மேரியும் சிரிக்கிறாள். முதல் முறை பார்க்கும்போது நாமும்தான் சிரிக்கிறோம்.

கல்யாணம், நயாகராவில் தேனிலவு, பிறகு ரயில் சத்தம் ஓயாத ஒரு குட்டி வீடு. கட்டில் சுவருக்குள் மடங்கும். கதவு சரியாக மூடாது. மேரியின் அம்மாவுக்கும் அண்ணன்களுக்கும் மாப்பிள்ளையைக் கண்டாலே ஆகாது. கழிவறையில் தண்ணீர் சரியாகப் போகாதது கூட ஒரு சண்டைக்குக் காரணமாகிறது. அந்த நாள் அமெரிக்க சினிமாவில் கழிவறைத் தொட்டியைக் காட்டும் வழக்கமே கிடையாது. கம்பெனி முதலாளி லூயி பி. மேயருக்கு இந்தப் படம் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். மேரியாக நடித்த எலினார் போர்ட்மன் அப்போது விடோரின் மனைவி, பெரிய அழகி. இந்தப் படத்தில் ஒப்பனை குறைத்து, தலை கலைந்து, பாத்திரம் கழுவிக் களைத்த முகத்தோடு வருகிறார்.

வருடங்கள் போகின்றன. ஒரு பையன், ஒரு பெண் குழந்தை. சம்பளம் எட்டு டாலர் கூடுகிறது. தன் கப்பல் சீக்கிரம் கரைக்கு வரும் என்று ஜான் சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஒருநாள் நிஜமாகவே வருகிறது. அவன் எழுதிய விளம்பர வாசகம் ஒன்றுக்கு 500 டாலர் பரிசு. கை நிறைய பொம்மைகள் வாங்கிக்கொண்டு வந்து, ஜன்னலில் நின்று தெருவில் விளையாடும் குழந்தைகளைக் கூப்பிடுகிறான். ஆசையாக ஓடி வந்த பெண் குழந்தை லாரியில் அடிபடுகிறது.

அதற்குப் பிறகு வருகிற காட்சியை மறக்க முடியாது. குழந்தை உயிருக்குப் போராடுகிறது. வெளியே தெருவில் வழக்கம்போல இரைச்சல். ஜான் இறங்கி ஓடுகிறான். எதிரே வரும் ஜனத்திரளைப் பார்த்து, விரலை உதட்டில் வைத்து, சத்தம் போடாதீங்க, குழந்தை தூங்குது என்பது போல இரண்டு கையாலும் தடுக்கிறான். யாரும் நிற்கவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். உன் குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னா உலகம் நின்னுடுமா என்கிற மாதிரி சொல்லி ஒரு போலீஸ்காரர் அவனைத் திருப்பி அனுப்புகிறார். மௌனப்படம் என்பதால் அந்த இரைச்சல் நமக்குக் கேட்பதில்லை. கேட்காத சத்தத்தை நிறுத்தச் சொல்லி ஒருவன் கெஞ்சுவதை மட்டும் பார்க்கிறோம். பேசும் படத்தில் இதே காட்சி இவ்வளவு வலித்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

பிறகு அவன் வேலையை விடுகிறான். அடுத்தடுத்து எந்த வேலையும் நிலைக்கவில்லை. மச்சான்கள் தருகிற வேலையைப் பிச்சை என்று சொல்லி மறுக்கிறான். மேரி கன்னத்தில் அறைகிறாள். ரயில் பாதைக்கு மேலே உள்ள பாலத்தில் போய் நிற்கிறான், குதிக்கத் தைரியம் வரவில்லை. கூடவே வந்த மகன், நானும் பெரியவனானா உங்கள மாதிரிதான் ஆகணும் என்கிறான். அப்பாவின் வாக்கியம் மகனிடம் இருந்து தலைகீழாகத் திரும்பி வருகிறது. பெரிய ஆள் ஆகு என்று ஒருவர் சொன்னார். இந்தப் பொடியனோ நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே போதும் என்கிறான். ஜான் வேலை தேடிப் புறப்படுகிறான். கிடைப்பது என்ன வேலை தெரியுமா? கோமாளி உடை, விளம்பரப் பலகை, கையில் பந்துகள்.

*

இங்கேதான் படத்தை எப்படி முடிப்பது என்ற சிக்கல் வந்தது. சினிமாவை விட வரலாறு அதிகம் பேசுவது இந்த இடத்தில்தான்.

ஏழு முடிவுகளை எடுத்துப் பார்த்ததாக விடோர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதில் ஒன்றில் ஜான் பணக்காரனாகிவிடுகிறான், செழிப்பான வீடு, கிறிஸ்துமஸ் மரம், எல்லோருக்கும் சந்தோஷம். கடைசியில் இரண்டு முடிவுகளோடு படம் அனுப்பப்பட்டது. எது வேண்டுமோ அதைத் தியேட்டர்காரர் போட்டுக்கொள்ளலாம். யோசித்துப் பாருங்கள். ஒரு சாதாரண மனிதன் கடைசி வரைக்கும் சாதாரணமாகவே இருந்துவிட்டுப் போகிறான் என்பதை ஒரு தேசத்தால் ஜீரணிக்க முடியவில்லை. அவன் சாகலாம், பணக்காரனாகலாம். 137-ம் எண்ணாகவே இருப்பது மட்டும் கூடாது.

ஜானைத் தோற்கடித்தது நகரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே நகரத்தில் பெர்ட் வேலையில் ஊன்றி, பதவி உயர்ந்து நன்றாகத்தான் இருக்கிறான். ஜானைத் தின்றது, அப்பாவிடம் இருந்து வந்த அந்த வாக்கியம். தான் கூட்டத்தில் ஒருவன் இல்லை என்று நம்பியதால் அவனால் கூட்டத்தோடு வேலை பார்க்க முடியவில்லை, வருகிற வேலையை ஏற்க முடியவில்லை, பக்கத்தில் இருக்கும் மேரியைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. பஸ்ஸில் இருந்து கோமாளியைப் பார்த்துச் சிரித்தானே, தீர்ப்பு எழுதியது அப்போதே. பிறகு அந்தத் தீர்ப்பில் அவன் தானே மாட்டிக்கொண்டான்.

1929 மே மாதம் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் ‘தனித்துவமான கலைப் படைப்பு’ என்ற பிரிவில் இந்தப் படமும் போட்டியில் இருந்தது. பரிசு முர்னாவின் ‘சன்ரைஸ்’ படத்துக்குப் போனது. சொந்தக் கம்பெனி எடுத்த படம் என்றாலும் மேயர் இதற்குப் பரிசு கிடைக்கவிடாமல் தடுத்தார் என்பது விடோரின் கூற்று.

*

ஜானாக நடித்தவரின் கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. பழகிய முகம் வேண்டாம், நட்சத்திரம் நடித்தால் அவன் எப்படிக் கூட்டத்தில் ஒருவன் ஆவான் என்று விடோர் தேடிக்கொண்டிருந்தார். ஸ்டூடியோவில் துணை நடிகர்களின் கும்பலில் ஒருவனாக எதிர்ப்பட்டவர் ஜேம்ஸ் மரே. கூட்டத்தில் இருந்து நிஜமாகவே ஒருவரைப் பொறுக்கி எடுத்தார்கள். படம் பார்த்தவர்கள் அவர் நடிப்பைக் கொண்டாடினார்கள். ஆனால் குடி அவரை விடவில்லை. வாய்ப்புகள் குறைந்தன.

1934-ல் விடோர் ‘அவர் டெய்லி பிரெட்’ என்ற படம் எடுத்தார். பெரிய கம்பெனிகள் பணம் தர மறுத்ததால் சொந்தப் பணத்தைப் போட்டார். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த ஒரு ஜோடி ஊர்ப்பக்கம் போய், தங்களைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு கூட்டாக விவசாயம் செய்கிறார்கள். அவர்கள் பெயரும் ஜான், மேரிதான். சுமார் அந்தக் காலத்தில் தெருவில் ஒருவன் விடோரிடம் காசு கேட்டுக் கை நீட்டினான். பார்த்தால் மரே. விடோர் அவரை அழைத்துப்போய்ப் பேசி, குடியை நிறுத்தினால் புதுப் படத்தில் மறுபடியும் ஜான் வேடம் தருவதாகச் சொன்னார். மரே மறுத்துவிட்டார். 1936 ஜூலையில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் மூழ்கி இறந்தார். வயது 35. விடோர் இதை மறக்கவில்லை. கிழவரான பிறகும் மரேயின் வாழ்க்கையைப் படமாக்க முயன்றார், நடக்கவில்லை. ஜான் பாலத்தில் இருந்து திரும்பி வந்தான். மரேக்குத் திரும்பக் கூப்பிட யாரும் இல்லையா, கூப்பிட்டவரிடம் போக மனம் இல்லையா, தெரியாது.

*

படத்தின் வாரிசுகள் பலர். பில்லி வைல்டரின் ‘தி அபார்ட்மென்ட்’ (1960) படத்தில் வரும் முடிவில்லாத மேஜை வரிசை இங்கிருந்து போனதுதான். அந்த நாயகனும் இன்ஷூரன்ஸ் குமாஸ்தாதான். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ எடுத்த டி சிகா, உங்கள் படம்தான் எனக்குத் தூண்டுதல் என்று தன்னிடம் சொன்னதாக விடோர் சொல்லியிருக்கிறார். வேலையிழந்த அப்பாவின் பக்கத்தில் நடந்து வரும் அந்தச் சின்னப் பையனை நினைத்தால் நம்பத் தோன்றுகிறது. அமெரிக்க அரசு பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலை 1989-ல் தொடங்கியபோது முதல் 25 படங்களில் இதையும் சேர்த்தார்கள்.

இன்று நாம் பார்க்கும் முடிவு இதுதான். மேரி அண்ணன்களோடு கிளம்பிவிட்டாள். கோமாளி வேலையில் கிடைத்த காசில் பூவும் நாடகக் கொட்டகைக்கு டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு ஜான் வருகிறான். அவளால் போக முடியவில்லை. மகனையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மேடையில் கோமாளிகள். ஜான் சிரிக்கிறான், மேரி சிரிக்கிறாள். பக்கத்து இருக்கைக்காரரின் தோளைத் தட்டிச் சிரிக்கிறார்கள். கேமரா பின்வாங்குகிறது. மூன்று பேர் முப்பது பேராகி, முன்னூறு பேராகி, சிரிக்கும் தலைகளின் கடலாகிறார்கள். எது ஜான் என்று தெரியவில்லை.

கூட்டம் எப்போதும் உன்னோடு சிரிக்கும், ஒரே ஒரு நாள்தான் உன்னோடு அழும் என்று முன்பு ஒரு எழுத்து அட்டை சொல்லியிருந்தது. அதை நினைத்தால் இந்தக் கடைசிக் காட்சி பயமாக இருக்கிறது. ஆனால் ஜான் இந்த முறை பஸ்ஸின் மேல்தட்டில் இல்லை. கோமாளியைப் பார்த்து, கோமாளி வேலை பார்க்கிற ஒருவன், மற்றவர்களின் நடுவே உட்கார்ந்து சிரிக்கிறான். முதல் சிரிப்பில் இருந்த ஏளனம் இதில் இல்லை. நாளைக் காலை அவன் மறுபடியும் பலகையை மாட்டிக்கொண்டு தெருவில் நிற்க வேண்டும். நிற்பான்.